லைவ் டிஸ்க்கில் லைன் வரவைப்பது எப்படி

"அக்கா, திரை எல்லாம் நல்லா வந்திருச்சு. லைன் மட்டும் வரல." சனிக்கிழமை வகுப்பு முடிந்து பென் டிரைவை வீட்டுக்குக் கொண்டுபோகும் பிள்ளைகள் இரவில் என்னை அழைத்தால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். லைன் என்றால் எங்கள் பேச்சில் இணைய இணைப்பு.

எங்கள் ஊர் மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா. பெரியவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பகலில் செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி வேலை பார்க்கிறேன், சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்துப் பின்னறையில் கணினி வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் இருப்பவை யார் யாரோ கொடுத்த பழைய மடிக்கணினிகள். ஒன்றில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, இன்னொன்றில் விண்டோஸ் எழும்பக் கால் மணி நேரம் ஆகும். அதனால்தான் டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை எங்களுக்கு வேண்டியபடி கட்டி, தமிழ் எழுத்துருவும் தமிழ்99 விசைப்பலகையும் லிப்ரே ஆபிஸும் சேர்த்து, லைவ் டிஸ்க்காகப் பென் டிரைவில் எழுதிக் கொடுக்கிறேன். எந்தக் கணினியில் செருகினாலும் எழும்பும். பிடுங்கிவிட்டால் அந்தக் கணினியில் ஒன்றும் மாறியிருக்காது.

ஆனால் லைன் இல்லை என்றால் பிள்ளைக்கு அது பாதிக் கணினிதான். பள்ளிப் பாடம் கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவில் இருக்கிறது, ஆசிரியர் அனுப்பும் பயிற்சி அங்கே இருக்கிறது. எனவே நான் கட்டிய டிஸ்க்குகளில் லைன் எங்கெங்கே நின்றது, எப்படிச் சரிசெய்தேன் என்பதை எழுதுகிறேன். கட்டளைகளை வகுப்பில் வாயால் சொல்வதுபோலவே சொல்லப்போகிறேன். தட்டும்போது கட்டளைகள் எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து.

ஆலையில் ஒரு லாரி நேரத்துக்கு வரவில்லை என்றால் முதலில் கேட்டில் விசாரிப்போம், அடுத்து எடைமேடை, அப்புறம் குலை கொட்டும் இடம். யாரும் நேராகப் பாய்லரடியில் போய்க் கேட்பதில்லை. லைனையும் அப்படித்தான் தேட வேண்டும். நெட்வொர்க் கார்டு கணினியின் கண்ணில் பட்டதா, அதை ஓட்டும் மென்பொருளான டிரைவர் கிடைத்ததா, ஃபெர்ம்வேர் ஏறியதா, ரேடியோ திறந்திருக்கிறதா, ரௌட்டர் முகவரி கொடுத்ததா, பெயர் முகவரியாக மாறியதா என்று வரிசையாகப் போங்கள். எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியாமல் கையில் கிடைத்ததையெல்லாம் மாற்றினால், ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுவிடும்.

கார்டும் டிரைவரும்

டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) 'எல்எஸ்பிசிஐ' தட்டி, இடைவெளி விட்டு, 'ஹைஃபன் என்என்கே' சேர்த்துத் தட்டுங்கள். யூஎஸ்பியில் செருகும் வைஃபை என்றால் 'எல்எஸ்யூஎஸ்பி ஹைஃபன் டி' தட்டி, அதன் வரியில் டிரைவர் பெயர் காட்டுகிறதா என்று பாருங்கள். முதல் கட்டளைக்கு வருகிற பட்டியலில் நெட்வொர்க் கண்ட்ரோலர், ஈதர்நெட் கண்ட்ரோலர் என்று இரண்டு பத்தி இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்தப் படி தாண்டியாயிற்று.

அந்த வரி எந்தக் கார்டுக்குமே இல்லை என்றால், பிழை கார்டில் இல்லை, டிஸ்க்கில்தான் என்று உடனே முடிவு செய்யலாம். என் இரண்டாவது டிஸ்க்கில் இதுதான் நடந்தது. அப்போது லைவ் டிஸ்க்கைத் தானாகக் கட்டும் லைவ் பில்ட் என்ற கருவி எனக்குத் தெரியாது. ஒரு டிஸ்க்கைப் பிரித்து, சிஹெச்ரூட் (இன்னொரு அமைப்புக்குள் நுழைய உதவும் கட்டளை) செய்து உள்ளே போய், வேண்டியதைச் சேர்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே போனதும் அப்டேட் கொடுத்தேன். லினக்ஸின் மையக்கருவான கெர்னல் புதிதாக ஏறியது. இடம் மிச்சம் பிடிக்கப் பழைய கெர்னலை நீக்கினேன். முழு அமைப்பையும் சுருக்கி அடைக்கும் ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பைக் கட்டி டிஸ்க்கில் வைத்தேன். ஆனால் டிஸ்க்கின் 'லைவ்' ஃபோல்டரில் தனியாக இருக்கும் விஎம்லினஸ், இனிட்ஆர்டி என்ற இரண்டு கோப்புகளை மாற்றவில்லை. அவை பழைய கெர்னலுடையவை. கணினி அந்தப் பழைய கெர்னலோடு எழுந்தது. அது டிரைவர்கள் இருக்கும், தன் பதிப்பெண்ணுடைய மாட்யூல் ஃபோல்டரைத் தேடியது, உள்ளே இருந்ததோ புதிய எண்ணின் ஃபோல்டர். திரையும் விசைப்பலகையும் வேலை செய்ததால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரிந்தது. வைஃபையும் இல்லை, கேபிளும் இல்லை. இரண்டு வார இறுதிகள் ரௌட்டரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். 'யூநேம் ஹைஃபன் ஆர்' தட்டினால் ஓடும் கெர்னலின் எண் வரும். 'லிப்' ஃபோல்டருக்குள் 'மாட்யூல்ஸ்' ஃபோல்டரைத் திறந்தால் அதே எண்ணில் ஒரு ஃபோல்டர் இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் டிரைவர் ஏறாது. கையால் கட்டுகிறவர்கள், கெர்னல் மாறிய ஒவ்வொரு முறையும் 'பூட்' ஃபோல்டரில் உள்ள புதிய இரண்டு கோப்புகளையும் டிஸ்க்கின் 'லைவ்' ஃபோல்டருக்கு எடுத்துவந்து, பெயரைப் பூட் மெனுவில் உள்ளபடியே வைக்க வேண்டும். லைவ் பில்ட்டில் 'எல்பி கான்ஃபிக்', 'எல்பி பில்ட்' என்று கட்டினால் இந்த வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். இந்த ஒரு காரணத்துக்காகவே கையால் கட்டுவதை விட்டுவிடுங்கள் என்று சொல்வேன்.

ஃபெர்ம்வேர்

டிரைவர் கார்டை எழுப்பும், ஆனால் பெரும்பாலான வைஃபை கார்டுகளுக்கு உள்ளே ஏற்ற ஒரு சிறு கோப்பு வேண்டும். அதுதான் ஃபெர்ம்வேர். 'டிமெசேஜ்' என்று நாங்கள் சொல்லும் கட்டளையை (டி, எம், ஈ, எஸ், ஜி) நிர்வாகி உரிமை தரும் சூடோவுடன் கொடுத்து, ஃபெர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். ஒரு கோப்பின் பெயரும் பக்கத்தில் 'எரர் மைனஸ் 2' என்றும் வந்தால், அந்தக் கோப்பு டிஸ்க்கில் இல்லை என்று பொருள். பெயரைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பேக்கேஜ் வேண்டும் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும்.

2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் இவற்றுக்கு 'நான்-ஃப்ரீ-ஃபெர்ம்வேர்' என்ற தனிப் பகுதி இருக்கிறது. டெபியனின் அதிகாரப்பூர்வ டிஸ்க்குகளில் ஃபெர்ம்வேர் சேர்ந்தே வருவதும் அந்தப் பதிப்பிலிருந்துதான். நாமே கட்டும்போது அதை நாமே கேட்டு வாங்குவது நல்லது. 'எல்பி கான்ஃபிக்' கொடுக்கும்போது ஆர்க்கைவ் ஏரியாஸ் என்ற இடத்தில் மெயின், கான்ட்ரிப், நான்-ஃப்ரீ, நான்-ஃப்ரீ-ஃபெர்ம்வேர் நான்கையும் எழுதுங்கள். பிறகு 'கான்ஃபிக்' ஃபோல்டருக்குள் 'பேக்கேஜ்-லிஸ்ட்ஸ்' ஃபோல்டரில் ஒரு கோப்பு உருவாக்குங்கள். அதன் பெயர் 'டாட் லிஸ்ட் டாட் சிஹெச்ரூட்' என்று முடிய வேண்டும். அதில் ஃபெர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை (இன்டெல் கார்டுகளுக்கு), ஃபெர்ம்வேர்-ரியல்டெக், ஃபெர்ம்வேர்-ஆதரோஸ், ஃபெர்ம்வேர்-பிஆர்சிஎம்80211, ஃபெர்ம்வேர்-மிஸ்க்-நான்ஃப்ரீ என்று வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். இடம் பிடிக்கிறதே என்று ஒன்றைக்கூட விடாதீர்கள். வெளியூர்க் கல்யாணத்துக்குச் சமைக்கப் போகிறவர், அந்த வீட்டில் என்ன இருக்கும் என்று தெரியாமல் கரண்டியை விட்டுவிட்டுப் போகமாட்டார்.

ஆதரோஸ் கார்டுகளில் ஏடிஹெச்9கே டிரைவரில் ஓடும் பழைய பிசிஐ வகைகளுக்கு ஃபெர்ம்வேர் கோப்பே வேண்டாம். அதனால் வகுப்பில் சந்தேகம் வந்தால் முதலில் அப்படிப்பட்ட மடிக்கணினியில் போட்டுப் பார்ப்பேன். பழைய பிராட்காம் கார்டுகளில் சிலவற்றுக்கு நேர்மாறு. பி43 டிரைவருக்கான ஃபெர்ம்வேர் பேக்கேஜ், கோப்பை இணையத்திலிருந்து இறக்குகிறது. லைன் வர லைன் வேண்டும் என்ற நிலை. ஆகவே டிஸ்க் கட்டும்போதே இறக்கி வைத்துவிட வேண்டும். கட்டி முடித்ததும் ஃபெர்ம்வேர் ஃபோல்டருக்குள் 'பி43' என்ற ஃபோல்டர் உண்மையிலேயே வந்திருக்கிறதா என்று திறந்து பார்த்துவிடுங்கள்.

அதே பட்டியலில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்-மேனேஜர், அதன் திரைச் சின்னத்துக்கான நெட்வொர்க்-மேனேஜர்-க்னோம், டபிள்யூபிஏசப்ளிகண்ட், வயர்லெஸ்-ரெக்டிபி, ஆர்எஃப்கில், சிஏ-சர்டிஃபிகேட்ஸ், பிசிஐயூட்டில்ஸ், யூஎஸ்பியூட்டில்ஸ் ஆகியவற்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். டிஸ்க்கைச் சிறியதாக்க 'ரெக்கமெண்ட்ஸ்' (ஒரு பேக்கேஜோடு பரிந்துரையாகச் சேர்ந்து வருபவை) வேண்டாம் என்று அமைத்திருந்தால், தானாக வரும் என்று நினைத்த பேக்கேஜ் சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும்.

ரேடியோவும் கேபிளும்

ரேடியோ பூட்டியிருக்கிறதா என்று பார்க்க 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' கொடுங்கள். சாஃப்ட் பிளாக் 'யெஸ்' என்றால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்' போதும். ஹார்ட் பிளாக் 'யெஸ்' என்றால் கட்டளை எதற்கும் கேட்காது. மடிக்கணினியின் ஓரத்தில் சின்ன சுவிட்ச் இருக்கிறதா, மேல் வரிசையில் கோபுரம் போட்ட பட்டன் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். போனில் இதைச் சொன்னதும் "அக்கா, கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்தும் பிள்ளைகளின் சந்தோஷத்தை நீங்களும் ஒருமுறை கேட்க வேண்டும்.

பக்கத்து வீட்டு வைஃபை தெரிகிறது, நம் வைஃபை மட்டும் தெரியவில்லை என்றால், பழைய கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் அறிந்ததாக இருக்கும், ரௌட்டரோ போனோ 5 கிகாஹெர்ட்ஸில் விட்டுக்கொண்டிருக்கும். போன் ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4 என்று மாற்றுங்கள். யூஎஸ்பி வைஃபை குச்சிகள் சில, பட்டியலைக் காட்டிவிட்டு இணைய மறுக்கும். அவற்றுக்கு நெட்வொர்க் மேனேஜர் அமைப்பில் 'வைஃபை ஸ்கேன் ரேண்ட் மேக் அட்ரஸ்' என்பதை 'நோ' என்று வைத்தால் பல நேரம் சரியாகிறது.

கேபிள் என்றால் 'ஐபி லிங்க்' கொடுத்துப் பாருங்கள். 'நோ கேரியர்' என்று வந்தால் அந்தப் பக்கத்திலிருந்து சிக்னலே வரவில்லை. கேபிளை மாற்றியும் துளைக்குப் பக்கத்து விளக்கு எரியாவிட்டால் அந்த போர்ட் போயிருக்கும். மதிய இடிமழையில் எங்கள் பக்கம் இப்படிப் போன போர்ட்டுகள் பல. மென்பொருளில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

டிஸ்க் மறக்க வேண்டியவை

இதை நிதானமாகப் படியுங்கள். நாம் டிஸ்க்கை நம் வீட்டுக் கணினியில் கட்டுகிறோம். அது ஓடப்போவதோ நாம் பார்த்திராத கணினியில். நம் வீட்டை நினைவில் வைத்திருக்கும் எதுவும் அந்த டிஸ்க்கில் இருக்கக் கூடாது.

முதலாவது, கார்டின் பெயர். முன்பு எல்லாக் கணினியிலும் 'ஈத்0' என்றிருந்தது. 2013இல் சிஸ்டம்டி கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, கார்டு எந்த இடத்தில் செருகியிருக்கிறதோ அதை வைத்துப் பெயர் அமைகிறது. உங்கள் கணினியில் 'ஈஎன்பி3எஸ்0', என் கணினியில் 'ஈஎன்பி0எஸ்25'. 'ஈடிசி' ஃபோல்டரில் 'நெட்வொர்க்' உள்ளே 'இன்டர்ஃபேசஸ்' கோப்பில் உங்கள் வீட்டுப் பெயரை எழுதி வைத்தால் மற்ற கணினியில் அது வெறும் எழுத்துதான். அதோடு, டெபியனில் அந்தக் கோப்பில் பெயர் இருக்கும் கார்டை நெட்வொர்க் மேனேஜர் தொடாது. 'என்எம்சிஎல்ஐ டிவைஸ்' கொடுத்தால் 'அன்மேனேஜ்டு' என்று காட்டும். லூப்பேக்கான 'எல்ஓ' தவிர அந்தக் கோப்பில் ஒன்றும் வேண்டாம். உபுண்டு சர்வரை அடிப்படையாக வைத்துக் கட்டியவர்களுக்குக் கேபிள் மட்டும் 'அன்மேனேஜ்டு' என்று வரும். அங்கே நெட்பிளான் அமைப்பில் ரெண்டரரை நெட்வொர்க் மேனேஜர் என்று மாற்ற வேண்டும். பழைய டிஸ்க்கைப் பிரித்துக் கட்டுகிறீர்கள் என்றால் 'யூடெவ்' விதிகளில் '70-பெர்சிஸ்டண்ட்-நெட்' என்ற கோப்பு ஒளிந்திருக்கலாம். அது உங்கள் கார்டின் மேக் முகவரியை (அதன் தனி அடையாள எண்ணை) மறக்காமல் வைத்திருக்கும். அழித்துவிடுங்கள்.

இரண்டாவது, மெஷின் ஐடி, அதாவது ஒவ்வொரு அமைப்புக்கும் உரிய அடையாள எண். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளிடம் ஒரே டிஸ்க்கின் நகல்கள். ஒருவன் இணைந்ததும் மற்றவனுக்கு லைன் போகும், அவன் மறுபடி இணைந்தால் இவனுக்குப் போகும். 'ஐபி அட்ரஸ்' பார்த்தால் எல்லாருக்கும் ஒரே முகவரி. அந்த டிஸ்க்கில் நான் நெட்வொர்க் மேனேஜருக்குப் பதில் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி போட்டிருந்தேன். அது ரௌட்டரிடம் தன்னை அறிமுகப்படுத்தும்போது மெஷின் ஐடியிலிருந்து உண்டாக்கிய அடையாளத்தைக் கொடுக்கிறது. நகல் எல்லாம் ஒரே ஐடி என்பதால் ரௌட்டருக்கு எல்லாரும் ஒரே ஆள். டிஸ்க் கட்டும் கடைசி வேலையாக 'ஈடிசி' உள்ளே 'மெஷின்-ஐடி' கோப்பைக் காலியாக்கி வையுங்கள். கோப்பு இருக்கட்டும், உள்ளே ஒன்றும் வேண்டாம். ஒவ்வொரு கணினியிலும் எழும்போது புதிதாக உண்டாகும்.

மூன்றாவது, பெயர் தேடும் கோப்பு. '8.8.8.8' என்ற முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போகிறது, ஆனால் தளத்தின் பெயரைக் கொடுத்தால் போகவில்லை என்றால் 'ஈடிசி' உள்ளே 'ரிசால்வ் டாட் கான்ஃப்' கோப்பைப் பாருங்கள். சிஹெச்ரூட்டுக்குள் பேக்கேஜ் இறக்குவதற்காக நம் கணினியின் கோப்பை நகல் எடுத்திருப்போம். பல கணினிகளில் அது கோப்பே அல்ல, சிஸ்டம்டி-ரிசால்வ்டி இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு இணைப்பு. அந்தச் சேவை இல்லாத டிஸ்க்கில் இணைப்பு வெற்றிடத்தைக் காட்டும். அதை நீக்கிவிட்டுச் சாதாரணக் காலிக் கோப்பாக வைத்தால் நெட்வொர்க் மேனேஜர் நிரப்பிக்கொள்ளும்.

வைஃபை கடவுச்சொல்லை டிஸ்க்கில் வைக்கலாமா என்று பெற்றோர் கேட்பார்கள். வேண்டாம் என்பேன். பென் டிரைவ் தொலைந்தால் யார் வேண்டுமானாலும் ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸைப் பிரித்து அதைப் படிக்கலாம். ஒவ்வொரு முறையும் தட்டுவது சிரமம் என்றால், பென் டிரைவில் மிச்சமுள்ள இடத்தில் 'பெர்சிஸ்டன்ஸ்' என்ற பெயரில் ஒரு எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் செய்து, அதில் 'பெர்சிஸ்டன்ஸ் டாட் கான்ஃப்' கோப்பில் நெட்வொர்க் மேனேஜரின் 'சிஸ்டம்-கனெக்‌ஷன்ஸ்' ஃபோல்டரின் முழு வழியை மட்டும் (அதில் நெட்வொர்க் மேனேஜர் என்பதன் என், எம் பேரெழுத்து) எழுதுங்கள். பூட் வரியிலும் 'பெர்சிஸ்டன்ஸ்' என்ற சொல் வேண்டும். அவரவர் கடவுச்சொல் அவரவர் பென் டிரைவிலேயே இருக்கும். பொதுவான ஒரு இணைப்பை டிஸ்க்கிலேயே வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அந்தக் கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாகவும் அனுமதி 600 ஆகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நெட்வொர்க் மேனேஜர் அதைக் கண்டுகொள்ளாது.

லைன் வந்தும் பக்கம் திறக்காவிட்டால்

எல்லாம் சரி, பிங் போகிறது, ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டுகிறது. மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய மடிக்கணினியில் போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பல ஆண்டு பின்னால் இருக்கும், தளங்களின் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று உலாவி நினைக்கும். இணையத்திலிருந்து நேரம் வாங்கும் க்ரோனி பேக்கேஜைச் சேர்த்து, நேர மண்டலத்தைக் கோலாலம்பூர் என்று வைத்தால் லைன் கிடைத்த சிறிது நேரத்தில் கடிகாரம் தானாகச் சரியாகும்.

தோட்டத்து லயத்தில் பல வீடுகளில் ரௌட்டர் கிடையாது, அப்பாவின் போன்தான் லைன். அதனால் போனின் லைனைக் கேபிள் வழியாகக் கணினிக்குக் கொடுக்கும் யூஎஸ்பி டெதரிங்கைக் கட்டாயம் சோதியுங்கள். ஆண்ட்ராய்டுக்கு வேண்டிய ஆர்எண்டிஐஎஸ், சிடிசி ஈதர் டிரைவர்கள் டெபியன் கெர்னலிலேயே இருக்கின்றன. ஐபோனுக்கு யூஎஸ்பிமக்ஸ்டி பேக்கேஜைச் சேர்க்க வேண்டும். வைஃபை கார்டு செத்த கணினிக்கும் இது ஒரு வழி. வீட்டில் பழைய 3ஜி குச்சி இருக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால், அதற்காக மெனக்கெட வேண்டாம். மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது.

டிஸ்க்கை, கணினிக்குள்ளேயே பாவனைக் கணினி ஒன்றை ஓட்டும் கியூஎம்யூவில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுக்காதீர்கள். அங்கே கார்டு பாவனைதான், ஃபெர்ம்வேர் கேட்காது, 10.0.2.15 என்ற முகவரியும் உடனே வந்துவிடும். நான் எழுதிய கோளாறுகளில் பாதி அங்கே தெரியவே தெரியாது. இன்டெல், ரியல்டெக், பிராட்காம் என்று வெவ்வேறு கார்டு உள்ள மூன்று உண்மைக் கணினிகளிலாவது எழுப்பிப் பாருங்கள்.

சில சின்ன மடிக்கணினிகளில் ஒரே ஒரு யூஎஸ்பி துளைதான் வேலை செய்யும். அதில் பென் டிரைவ் இருந்தால் போன் கேபிளை எங்கே செருகுவது? பூட் மெனுவில் டேப் அல்லது ஈ விசையை அழுத்தி, கெர்னல் வரியின் கடைசியில் 'டோரம்' என்று சேர்த்தால் முழு டிஸ்க்கும் ரேமில் ஏறிவிடும். ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பின் அளவைவிட ரேம் நன்றாகவே அதிகம் இருக்க வேண்டும், எழும்பச் சில நிமிடம் கூடுதலாகும். மேசைத்திரை வந்ததும் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு அதே துளையில் போனைச் செருகி, டெதரிங்கை ஆன் பண்ணச் சொல்லுங்கள். ஆனால் பென் டிரைவிலுள்ள பெர்சிஸ்டன்ஸை இதோடு சேர்க்காதீர்கள், அது செருகியே இருக்க வேண்டிய ஒன்று.